கொடி ஏறும் முன்னே சாலை நிறையும்

*ஆகஸ்ட் 29-ல் கொடியேற்றம், செப்டம்பர் 7-ல் பெரிய தேர், 8-ல் திருவிழா. இது வேளாங்கண்ணிப் பேராலயத்தின் கணக்கு. காவிரி டெல்டாக்காரர்களின் கணக்கு அதற்குப் பல நாள் முன்பே, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடையைக் கட்டும்போது தொடங்கிவிடுகிறது.*

ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டால் போதும். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போகும் இரவுப் பேருந்துகளின் ஓட்டுநர்கள் ஹாரனில் கை வைத்தபடியேதான் வண்டி ஓட்டுவார்கள். அம்மாப்பேட்டை, நீடாமங்கலம் என்று எந்த ஊரைத் தாண்டினாலும் சாலையோரம் முழுக்க ஆட்கள். காவி வேட்டி, காவிச் சேலை, கழுத்தில் ஜெபமாலை, தோளில் துணிப்பை. கூட்டத்தின் நடுவே சக்கரம் வைத்த சின்னத் தேர் ஒன்று. அதில் சீரியல் விளக்கு வெளிச்சத்தில் சேலை கட்டிய மாதா சொரூபம், அடியில் பேட்டரி, பக்கவாட்டில் ஸ்பீக்கர் பெட்டி. முன்னால் போகிறவர் “மரியே” என்று குரல் கொடுக்க, பின்னால் வருகிறவர்கள் “வாழ்க” என்கிறார்கள். பகல் வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும் என்பதால் சத்திரம், பள்ளிக்கூடம், மரத்தடி என்று கிடைத்த இடத்தில் படுத்துவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகு மறுபடி கிளம்புகிறார்கள்.

தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் ஐம்பது, அறுபது கூடும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் என்று வருகிறவர்கள் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். இவர்களில் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர், இந்துக்கள் எத்தனை பேர் என்று பார்த்ததும் சொல்லிவிட முடியாது. காவியும் மாலையும் விரதமும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டால் மறையுரையெல்லாம் வராது. “நேர்ந்துக்கிட்டேன், வர்றேன்” என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இந்தத் திருவிழாவுக்கு உயிர் அந்த இரண்டு வார்த்தைதான். தேதியைத் திருச்சபை குறிக்கிறது. மற்றதையெல்லாம் வேண்டுதல் பார்த்துக்கொள்கிறது.

நாள்காட்டியும் நாற்றங்காலும்

டெல்டா கிராமங்களில் புனிதர் திருவிழாவுக்குப் பஞ்சமில்லை. ஜனவரி 20 செபஸ்தியார், மார்ச் 19 சூசையப்பர், ஜூன் 13 அந்தோணியார் என்று நாள்காட்டி நிறையப் பெயர்கள். ஆனாலும் பல ஊர்களில் சப்பரம் தூக்கும் திருவிழாவைக் கோடையில்தான் வைத்துக்கொள்வார்கள். அறுவடை முடிந்து வயல் காலியாகக் கிடக்கும், கையில் நாலு காசு இருக்கும், வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருப்பார்கள். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே கொள்ளிடக் கரையில் இருக்கும் பூண்டி மாதா பேராலயத்தின் ஆண்டுப் பெருவிழாகூட மே 6 முதல் 15 வரைதான். வீரமாமுனிவரோடு தொடர்புடைய அந்தக் கோயிலுக்கு 1999-ல் பசிலிக்கா தகுதி கிடைத்தது. செப்டம்பர் 8-ஆம் தேதியை அங்கேயும் கொண்டாடுகிறார்கள். ஆனால் கோடைத் திருவிழாவுக்கு இருக்கும் சாவகாசம் அதற்குக் கிடையாது.

வேளாங்கண்ணி இந்தச் சௌகரியத்தைப் பார்ப்பதில்லை. செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள். உலகம் முழுக்கக் கத்தோலிக்கர்களுக்கு அதே நாள்தான், ஆவணி 23 வாக்கில் வரும். டெல்டாவில் அது கைவேலை நெருக்கும் பருவம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்த ஆண்டாக இருந்தால் குறுவை கதிர் முற்றிக்கொண்டிருக்கும்; சம்பாவுக்கு நாற்றங்கால் விட வேண்டும், விட்டவர்கள் தண்ணீர் கட்ட வேண்டும். அன்று அணை திறக்காத ஆண்டில் நிலைமை வேறு. 2012-ல் மேட்டூர் திறந்தது செப்டம்பர் 17-ல். 2017-ல் அக்டோபர் 2-ல். அந்த இரண்டு ஆண்டுகளிலும் வேளாங்கண்ணியில் கொடி ஏறி, தேர் ஓடி, கொடி இறங்கிய பிறகுதான் அணையின் மதகு தூக்கப்பட்டது.

இதே செப்டம்பர் 8 மங்களூரில் வேறு மாதிரி. கொங்கணி பேசும் கத்தோலிக்கர்கள் ‘மோந்தி’ திருவிழா என்று அதைக் கொண்டாடுகிறார்கள். புது நெற்கதிரைக் கோயிலுக்கு எடுத்துப்போய் மந்திரித்து வாங்கிவந்து, அதன் மணிகளைச் சோற்றிலோ பாயசத்திலோ கலந்து குடும்பத்தோடு உண்பார்கள். அங்கே அது விளைந்ததற்கு நன்றி சொல்லும் நாள். டெல்டாவில் அதே நாளில் சம்பா இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. தண்ணீர் வருமா, வடகிழக்குப் பருவமழை காக்குமா அழிக்குமா என்று எதுவும் தெரியாது. ஆகவே இங்கே வருகிறவர்களின் வாயில் நன்றியைவிட வேண்டுதலே கூடுதல். போன வருஷத்துக் கடனை அடைக்க வருகிறவரும் போகும்போது அடுத்த வருஷத்துக்கு ஒன்றை வைத்துவிட்டுத்தான் போகிறார்.

வேளாங்கண்ணி இருக்கும் இடமும் அப்படிப்பட்டது. காவிரி நீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடை. ஊருக்குத் தெற்கே செருதூர் பக்கம் வெள்ளையாறு கடலில் கலக்கிறது. மேலே கல்லணையில் பிரியும் வெண்ணாற்றின் கிளை அது. முறைவைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் இந்தப் பக்கத்து விவசாயி கடைசி ஆள். வெள்ளம் வந்தால் முதல் ஆள்.

பாலும் மோரும்

பேராலயத்தின் வரலாறு மூன்று நிகழ்ச்சிகளில் தொடங்குவதாக மரபு சொல்கிறது. முதலாவது 16-ஆம் நூற்றாண்டில். நாகப்பட்டினத்துப் பண்ணையாருக்குப் பால் கொண்டு போன சிறுவன் குளக்கரை ஆலமரத்தடியில் அசந்து தூங்க, குழந்தையோடு ஒரு பெண்மணி வந்து குழந்தைக்குப் பால் கேட்கிறாள். கொடுத்துவிட்டுப் பயந்துகொண்டே போன பையனின் குடத்தில் பால் குறையவில்லை, பொங்கி வழிந்தது. அந்தக் குளம்தான் இன்று மாதா குளம். இரண்டாவது நிகழ்ச்சி நடுத்திட்டில். கால் ஊனமான ஒரு விதவையின் மகன் ஆலமர நிழலில் மோர் விற்றுக்கொண்டிருக்கிறான். அவனிடம் மோர் கேட்டு வாங்கிய அன்னை, நாகப்பட்டினம் போய் ஒரு கிறிஸ்தவப் பெரியவரிடம் தனக்குக் கோயில் கட்டச் சொல் என்கிறாள். அவன் எழுந்து ஓடினான் என்பதும், அங்கே ஒரு கூரைக் கோயில் எழுந்தது என்பதும் மரபு.

மூன்றாவது 17-ஆம் நூற்றாண்டில், கடலில். மக்காவுவிலிருந்து கொழும்பு போன போர்த்துக்கீசியக் கப்பல் வங்காள விரிகுடாவில் புயலில் சிக்குகிறது. கரை சேர்த்தால் கோயில் கட்டுகிறோம் என்று மாலுமிகள் வேண்டிக்கொள்கிறார்கள். கரை சேர்ந்த இடம் வேளாங்கண்ணி, நாள் செப்டம்பர் 8. திருவிழாவின் தேதிக்கு இந்த ஊர் சொல்லும் காரணம் இதுதான். மூன்றில் இரண்டு கதைகளில் மாதா கேட்கிறாள், மூன்றாவதில் மனிதர்கள் கேட்கிறார்கள். மாலுமிகள் வைத்த அந்த வேண்டுதலின் வடிவில்தான் இன்றுவரை ஒவ்வொருவரும் இங்கே வேண்டிக்கொள்கிறார்கள்: இதைச் செய்து கொடு, நான் அதைச் செய்கிறேன். அவர்கள் சொன்னபடி கட்டினார்கள். பின்னால் வந்தபோது பீங்கான் தட்டுகளையும் கொண்டுவந்தார்கள். வேதாகமக் காட்சிகள் வரைந்த அந்தத் தட்டுகள் இன்றும் பீடத்தில் பதிந்திருக்கின்றன.

1658-ல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். போர்த்துக்கீசியரின் கத்தோலிக்க நகரம் அத்தோடு கைமாறியது. தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்த வேளாங்கண்ணிக்கோ கூட்டம் கூடிக்கொண்டே போனது. 1771-ல் அது தனிப் பங்கானது. 1952-ல் மயிலை மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து தஞ்சாவூர் மறைமாவட்டம் உருவானபோது அதன் கீழ் வந்தது. 1962 நவம்பர் 3-ல் திருத்தந்தை 23-ஆம் யோவான் இதை பசிலிக்காவாக உயர்த்தினார். கப்பல் அனுப்பிய அரசும் நகரத்தைப் பிடித்த கம்பெனியும் போய்விட்டன. பால் கேட்ட குளமும் மோர் கேட்ட திட்டும் இருக்கின்றன.

மோர் சாலையிலும் இருக்கிறது. கொரடாச்சேரியோ கீழ்வேளூரோ சிக்கலோ, நடந்து வருகிறவர்களுக்காகப் போட்ட தண்ணீர்ப் பந்தலில் நீர்மோரும் பானகமும் நிறைந்த அண்டாக்கள் இருக்கும். “அம்மா, குடிச்சிட்டுப் போங்க, அடுத்த பந்தல் தூரம்” என்று வழிமறித்துக் கொடுப்பவர்களில் ஒருவர் நெற்றியில் திருநீறு இருக்கும். இன்னொருவர் தலையில் தொப்பி இருக்கும். நடக்கிறவர் தன் கடனை நடந்து அடைக்கிறார், நடக்க முடியாதவர் மோர் ஊற்றி அதில் பங்கு வாங்கிக்கொள்கிறார்.

கொடியும் தேரும்

வேளாங்கண்ணித் திருவிழாவின் நிரலைப் பார்த்தால் டெல்டாக்காரர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆகஸ்ட் 29 மாலை மாதா உருவம் பொறித்த கொடி ஊர்வலமாக வீதிகளைச் சுற்றி வரும். தஞ்சாவூர் ஆயர் மந்திரிக்க, பேராலயத்துக்கு எதிரே இருக்கும் கம்பத்தில் அது ஏறும்போது கோபுரங்களில் ஒரே சமயத்தில் விளக்கு எரியும், வாணம் வெடிக்கும். அதன்பிறகு நாள்தோறும் நவநாள், ஜெபமாலை, தேர்ப் பவனி. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், கொங்கணி, மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மொழிக்கு ஒரு நேரம் திருப்பலி. செப்டம்பர் 7 மாலை பெரிய தேர். மிக்கேல் சம்மனசும் செபஸ்தியாரும் அந்தோணியாரும் சப்பரங்களில் முன்னே போக, பின்னால் பூ அலங்காரத்தில் ஆரோக்கிய மாதா வருவாள். பூவும் காசும் தேரை நோக்கி வீசப்படும். 8-ஆம் தேதி காலை திருவிழாப் பூசை, மாலை கொடியிறக்கம்.

கொடியேற்றம், வாகனம், தேர், கொடியிறக்கம் என்ற இந்த வரிசை திருவாரூர்த் தியாகராஜருக்கும் உண்டு. நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டகையின் கந்தூரிக்கும் நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலமாகப் புறப்பட்டுத்தான் தர்கா மினாராக்களில் ஏறும்; பிறகு சந்தனக்கூடு. திருவாரூரிலிருந்து வருகிறவர் சிக்கல் சிங்காரவேலர் கோயிலைத் தாண்டித்தான் நாகப்பட்டினத்துக்குள் நுழைகிறார். சென்னையிலிருந்து வருகிறவர் நாகூரைத் தாண்டித்தான் வருகிறார். சிக்கல், நாகூர், வேளாங்கண்ணி மூன்றும் ஒருநாளில் சுற்றிவிடக்கூடிய தூரம். கல்யாணம் தட்டிப்போகிற வீட்டில் மூன்று இடத்துக்கும் சேர்த்தே நேர்ந்துகொள்வது இந்தப் பக்கத்தில் சாதாரணம். எது பலித்தது என்று பிறகு ஆராயமாட்டார்கள், மூன்றுக்கும் செலுத்திவிடுவார்கள்.

மொட்டை, முழங்கால், தென்னங்கன்று

தேரை ஒரு மாலை பார்த்துவிடலாம். வேண்டுதல் செலுத்துவதைப் பார்க்க நாள் முழுக்க நிற்க வேண்டும்.

முடி காணிக்கை மண்டபத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தால், தண்ணீர் தெளித்து உச்சியிலிருந்து கத்தி இறங்கும். கைக்குழந்தைகளின் அழுகை ஓயாது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டையடித்துக் காது குத்துவதும் உண்டு. மொட்டைத் தலையில் சந்தனம் பூசினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அங்கிருந்து பேராலயம்.

பேராலயத்திலிருந்து மாதா குளம் வரை மணல் பரப்பிய பாதை இருக்கிறது. அதில் முழங்காலாலேயே போகிறவர்களைப் பார்க்கலாம். ஒரு கையில் எரியும் மெழுகுவர்த்தி, மறுகையில் ஜெபமாலை. ஒரு பெண் பத்தடி போகிறார், நிற்கிறார், சேலையைச் சரிசெய்துகொண்டு மறுபடி நகர்கிறார். கூட வரும் மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினால் வேண்டாம் என்று தலையசைக்கிறார். முழங்கால் தோல் சிவந்து, மணல் ஒட்டியிருக்கிறது. யாரும் அவரைத் தூக்கிவிட முயல்வதில்லை. அவரவர் கடனை அவரவர்தான் அடைக்க வேண்டும் என்பது அங்கே வந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

கடைவீதியில் விற்பதைப் பார்த்தாலே யார் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். தகட்டில் அடித்த கண், கை, கால், இதயம். வீடு கட்ட வேண்டியவருக்குச் சின்ன வீடு, குழந்தை வேண்டியவருக்குத் தொட்டில். குருத்து விட்ட தென்னங்கன்றுகள் குவியலாகக் கிடக்கும். பிள்ளை வரத்துக்கும் பிள்ளையின் சுகத்துக்கும் நேர்ந்தவர்கள் அதை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு போவார்கள். மஞ்சள் கயிறு கட்டுகிறவர்கள் உண்டு, மாதாவுக்குப் பட்டுச்சேலை கொண்டுவருகிறவர்கள் உண்டு. காணிக்கைப் பொருட்களின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் வெள்ளி உறுப்புகளையும் நன்றிக் கடிதங்களையும் வாசித்துக்கொண்டே போனால், ஒரு நூற்றாண்டின் நோய்களும் வழக்குகளும் தேர்வு முடிவுகளும் விசா கவலைகளும் வரிசையாக வரும். பேராலயத்தில் பீடத்துக்கு எவ்வளவு மரியாதையோ, மக்கள் மனத்தில் இந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கும் அவ்வளவு உண்டு. பலித்ததற்குச் சாட்சி இங்கேதான் இருக்கிறது.

ரோமிலிருந்து ஒரு கடிதம்

காவியும் மொட்டையும் தேரும் கிறிஸ்தவமா என்ற கேள்வி புதிதல்ல. சீர்திருத்தச் சபையினர் கேட்டிருக்கிறார்கள், கத்தோலிக்கக் குருக்களிலேயே சிலர் முகம் சுளித்திருக்கிறார்கள். இந்துக்கள் பக்கம், இது எங்கள் வழிபாட்டின் நகல் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் முதல் தேதி, கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பு, வாட்டிகனின் விசுவாசக் கோட்பாட்டுத் துறையின் தலைவர் கர்தினால் விக்டர் மனுவேல் பெர்னாண்டஸ், தஞ்சாவூர் ஆயர் சகாயராஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். வேளாங்கண்ணியின் ஆன்மிகப் பலன்களைப் பாராட்டிய அந்தக் கடிதம், கிறிஸ்தவர் அல்லாதவர்கள் பெருந்திரளாக வந்து ஆறுதல் பெறுவதைச் சமயக் கலப்பு என்று கருதக் கூடாது என்றும் சொன்னது.

நடந்து வருகிறவர்களுக்கு இந்தக் கடிதம் தேவைப்படவில்லை. வேண்டிக்கொள்ள ஞானஸ்நானம் வேண்டும் என்று அவர்களிடம் யாரும் எப்போதும் சொன்னதில்லை. நற்கருணை வாங்கத்தான் கிறிஸ்தவராக இருக்க வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றவும், எண்ணெய் வாங்கவும், முடி இறக்கவும், குளத்துத் தீர்த்தம் எடுத்துப்போகவும் எவருக்கும் தடையில்லை. திருச்சபை இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது. ஆனால் கோட்டின் மேல் சுவர் எழுப்பவில்லை. வேளாங்கண்ணி இவ்வளவு பெரிதானதன் இரகசியம் அங்கே இருக்கிறது.

கூட்டமும் கவலையும்

2010 கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ரயில் வந்தபிறகு மும்பையின் பாந்த்ராவிலிருந்தும் கோவாவின் வாஸ்கோவிலிருந்தும் சிறப்பு ரயில்கள் விடுகிறார்கள். ஊரில் பெட்டிக்கடை, லாட்ஜ், ஆட்டோ, கடற்கரையில் மீன் பொரிக்கும் தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் இந்தப் பதினோரு நாள்தான் ஆண்டின் அறுவடை. கூட்டத்தோடு குப்பையும் கழிவுநீரும் வருகின்றன. சின்ன ஊரின் தாங்குதிறனுக்கு மேல் அது போய்விட்டது என்பதைக் கடைக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்களையும் கடைக்காரர்களையும் சுனாமி வாரிக்கொண்டு போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வேளாங்கண்ணியில் பல நூறு பேர். ஆலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பியதை அற்புதம் என்று சொல்கிறவர்கள் உண்டு. வேண்டுதல் செலுத்த வந்து திரும்பாதவர்களின் வீடுகளில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இறந்தவர்களின் நினைவிடத்தில் டிசம்பர் 26-தோறும் மும்மதத்தாரும் சேர்ந்து ஜெபிக்கிறார்கள்.

2020-லும் 2021-லும் கொரோனா காரணமாகப் பக்தர்கள் இல்லாமலே கொடி ஏறியது. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் திருப்பலி பார்க்க முடிந்தது. மொட்டையை அப்படிப் போட்டுக்கொள்ள முடியுமா? செலுத்தாத கடன்கள் அப்படியே நின்றன. தடை நீங்கியதும் சாலை மறுபடி நிறைந்துவிட்டது.

சாலையில்தான் இப்போது பெரிய கவலை. பாதயாத்திரை போனவர்கள் மீது வாகனம் மோதிய செய்தி அநேகமாக ஆண்டுதோறும் வருகிறது. சாலையை அகலப்படுத்தினோம், வண்டிகள் வேகமெடுத்தன, நடக்கிறவருக்கு ஓரம் குறைந்தது. ஒளிரும் ஸ்டிக்கர் கொடுப்பதோடு காவல்துறையின் வேலை முடிந்துவிடுகிறது. பழனி போகும் வழியில் முருக பக்தர்களுக்குத் தனி நடைபாதை போட்ட அரசுக்கு, வேளாங்கண்ணிச் சாலையில் அதையே செய்வது முடியாத காரியமல்ல. சாலையோரத்தில் நல்ல மண்பாதை, பத்து கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறை, முக்கியமாகப் பெண்களுக்கு, பாலங்களில் விளக்கு. காவிரியின் கிளைகள் எத்தனை உண்டோ அத்தனை பாலங்களை இவர்கள் இருட்டில் கடக்கிறார்கள். ஆயர் இல்லமும் மாவட்ட நிர்வாகமும் கொடியேற்றத்துக்காக நடத்தும் ஆலோசனைக் கூட்டங்களில் பெரும்பகுதி வேளாங்கண்ணி எல்லைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. திருவிழா அந்த எல்லைக்கு நூறு கிலோமீட்டர் முன்பே ஆரம்பித்துவிடுகிறது என்பதை ஏற்றுக்கொண்டால் பாதிப் பிரச்சினைக்கு வழி பிறக்கும்.

செப்டம்பர் 8 மாலை கொடி இறங்கியதும் வேளாங்கண்ணிப் பேருந்து நிலையத்தில் நிற்க இடமிருக்காது. தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணம் என்று கூவும் நடத்துநர்களைச் சுற்றி மொட்டைத் தலைகள். நடந்து வந்தவர்கள் பெரும்பாலும் நடந்து திரும்புவதில்லை. கடன் அடைத்தவருக்கு நடை எதற்கு? ஜன்னலோர இருக்கையைப் பிடித்து உட்கார்ந்த பிறகு சிலர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள்: சின்னவளுக்கு வரன் அமைஞ்சிட்டா அடுத்த வருஷமும் நடந்தே வர்றேன்னு மாதாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.